சுடுதண்ணியை நிறுத்தாமல் விடுதி பில்லைக் குறைக்க முடியுமா?

கேள்வி: உதகைக்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி எங்களுடையது. அதே வளாகத்தில் 60 மாணவிகள் தங்கும் விடுதி. 2022 கடைசியில் இரண்டு மாதத்துக்கு 38,000 ரூபாய் வந்த கரண்ட் பில் இப்போது 61,000 வருகிறது. சமையல் கேஸும் ஜெனரேட்டர் டீசலும் தனி. காலையில் கீசர் போட வேண்டாம் என்று நிர்வாகத்தில் சொல்கிறார்கள். மாடியில் சோலார் பேனல் போட்டால் தீருமா?

டீச்சர், கீசரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். முப்பது வருடம் இந்த மலையில் கட்டடங்களின் மின்சார வேலை பார்த்தவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். நான் வேலையில் இருந்தபோது ஒரு விடுதியில் இதையேதான் செய்தார்கள். ஜனவரி மாதம், தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நாட்கள். பிள்ளைகள் பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள், பாதிப் பேர் குளிக்காமலே இருந்தார்கள், இரண்டே வாரத்தில் காய்ச்சலும் இருமலுமாக விடுதி நிறைந்துவிட்டது. அடுத்த பில்லைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. கீசரை அணைத்ததும் வார்டன் அறை, படிப்பு அறை என்று ஆளுக்கொரு ரூம் ஹீட்டர் வந்துவிட்டது. குளிர் எங்கும் போகாது. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் பணம் கேட்கும்.

சரி, உங்கள் பில்லுக்கு வருவோம். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் பெரிதாக உயர்ந்தது. அதன் பிறகு 2023 ஜூலையில் 2.18 சதவீதம், 2024 ஜூலையில் 4.83 சதவீதம், 2025 ஜூலையில் 3.16 சதவீதம். நீங்கள் சொல்லும் 38,000 ரூபாய் பில் அந்தப் பெரிய உயர்வுக்குப் பிந்தையது. ஆகவே அதன் மேல் ஏறியது இந்த மூன்றும்தான். மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பெருக்கினால் பத்தரை சதவீதம் வருகிறது. அந்தக் கணக்கில் உங்கள் பில் 42,000 ரூபாயில் நின்றிருக்க வேண்டும். மேலே உள்ள 19,000 ரூபாய்க்குக் காரணம் உங்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கட்டண உயர்வை நம்மால் தடுக்க முடியாது. இந்த 19,000 நம் கைக்கு எட்டும் தொகை.

பில்லைக் கையில் எடுத்ததும் முதலில் டாரிஃப் எண்ணைப் பாருங்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளும் அவற்றின் விடுதிகளும் II-B(1) என்ற பிரிவில் வர வேண்டும். V என்று இருந்தால் அது கடைகளுக்கான வணிகக் கட்டணம். ஒரு வளாகத்தில் பழைய சர்வீஸ் ஒன்று பல வருடம் V-இல் ஓடிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். முன்பு அந்தக் கட்டடத்தின் ஒரு மூலை வாடகைக்கு விடப்பட்டிருந்தது. கடை காலியான பிறகும் டாரிஃபை மாற்ற யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்தது சாங்ஷன் லோடு, அதாவது ஒரே நேரத்தில் இவ்வளவு கிலோவாட் வரை எடுக்கலாம் என்று இ.பி.யிடம் வாங்கி வைத்திருக்கும் அளவு. ஃபிக்ஸட் சார்ஜ் என்ற நிலைக் கட்டணம் அந்தக் கிலோவாட் கணக்கில் வருவதால் மே மாதம் பள்ளி பூட்டிக் கிடந்தாலும் அதைக் கட்டியாக வேண்டும். தேவைக்கு மேல் வாங்கி வைத்திருந்தால் வருடம் முழுக்க வீண். குறைவாக வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போட்டால் கூடுதல் லோடுக்குத் தனியாகக் கட்ட வேண்டிவரும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆறு கீசரும் ஒன்றாக எரிந்தால் ஒன்று 2 கிலோவாட் வீதம் 12 கிலோவாட் ஒரே மூச்சில் ஏறிவிடுகிறது. ஒரு டைமர் வைத்து மூன்று மூன்றாக ஓடவிட்டால் அதே வெந்நீருக்குப் பாதி லோடு போதும்.

இனி வெந்நீர் கணக்கு. உங்கள் பணத்தில் பெரிய ஒரு பங்கு இங்கே போகிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு 15 லிட்டர் என்றால் 60 பேருக்கு 900 லிட்டர். டிசம்பர் காலையில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி இருக்கும், குளிக்க 40 டிகிரி வேண்டும். 28 டிகிரி ஏற்றுவதற்கு 29 யூனிட் ஆகும். தொட்டியிலும் குழாயிலும் வீணாவதைச் சேர்த்து 35 என்று வையுங்கள். யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டால் நாளுக்கு 280, மாதத்துக்கு 8,400. இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 17,000 ரூபாய் இதற்கே போகிறது. சமவெளியில் இருக்கும் விடுதிக்கு இந்தச் செலவே கிடையாது. அதனால்தான் சென்னையிலிருந்து வரும் சிக்கன அறிவுரைகள், லைட்டை அணை, ஃபேனை அணை என்பவை, நம் ஊரில் பெரிதாகப் பலிப்பதில்லை. ட்யூப்லைட்டை எல்.இ.டி.யாக மாற்றுங்கள், கட்டாயம் மாற்றுங்கள், நாளுக்கு எட்டு, ஒன்பது யூனிட் மிஞ்சும். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

வெந்நீருக்குப் போகும் அந்த 35 யூனிட்டில் எவ்வளவு பிள்ளைகளின் உடம்பில் விழுகிறது, எவ்வளவு வழியில் ஆறுகிறது என்று பாருங்கள். பல விடுதிகளில் கீசர் ஒரு கோடியில், குளியலறை இன்னொரு கோடியில் இருக்கிறது. ஒரு அங்குலக் குழாய் மீட்டருக்கு அரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 40 மீட்டர் ஓடினால் 20 லிட்டர் குழாயிலேயே நிற்கும். காலையில் குழாயைத் திறந்ததும் அந்த 20 லிட்டரும் குளிர்ந்துபோய் வரும், பிள்ளைகள் அதைச் சாக்கடையில் விடுவார்கள், குளியல் முடிந்ததும் மறுபடி 20 லிட்டர் சூடான தண்ணீர் குழாயில் தங்கி ஆறிப்போகும். வெந்நீர்க் குழாய்க்குக் கறுப்பு நுரை உறை கிடைக்கிறது, எந்தப் பிளம்பரும் அரை நாளில் போட்டுவிடுவார். வெளிச்சுவரில் ஓடும் குழாய்க்கு முதலில் போடச் சொல்லுங்கள். முடிந்தால் குளியலறைக்குப் பக்கத்துச் சுவருக்கே கீசரை நகர்த்துங்கள். தெர்மோஸ்டாட்டை 70-இல் வைக்கத் தேவையில்லை, 60 போதும். 50-க்குக் கீழே தொட்டியை வைக்காதீர்கள், வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் கிருமி வளரும்.

அப்புறம்தான் எதைக் கொண்டு சூடேற்றுவது என்ற பேச்சு. என்னைக் கேட்டால் 60 பேர் விடுதிக்கு ஹீட் பம்ப்தான் முதல் தேர்வு. காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் இயந்திரம் அது, ஃப்ரிட்ஜைத் திருப்பி வைத்தது போல. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை யூனிட் சூடு கிடைத்தாலும் உங்கள் 29 யூனிட் 12 ஆகிவிடும். ஆனால் இதை வாங்கிய ஒரு இடத்தில் 'ஊட்டிக் குளிருக்கு இது ஆகாது' என்று ஓரம் கட்டிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். அதிகாலை மூன்று மணிக்கு ஓடும்படி டைமர் வைத்திருந்தார்கள். அந்த நேரத்துக் காற்றில் இழுக்க என்ன சூடு இருக்கிறது? வெளிப்பக்கச் சுருளில் பனி படிந்து, பாதி நேரம் இயந்திரம் தன் பனியைத் தானே உருக்கிக்கொண்டிருந்தது. பகல் 12 மணியிலிருந்து 4 மணி வரை, காற்று 18, 20 டிகிரி இருக்கும்போது ஓட்டி, நன்றாக உறை போட்ட 1,000 லிட்டர் தொட்டியில் சேர்த்து வைத்தால் மறுநாள் காலையில் மூன்று, நான்கு டிகிரிதான் இறங்கியிருக்கும். இயந்திரம் ஓடும் நேரத்தை மாற்றியதும் அதே ஹீட் பம்ப் நன்றாக வேலை செய்தது.

சோலார் வாட்டர் ஹீட்டரும் நல்லதே. கண்ணாடிக் குழல் வகையாக இருக்கட்டும். தட்டை வகையில் பனி இரவில் உள்ளே தண்ணீர் உறைந்து செப்புக் குழாய் வெடித்த கதைகள் இங்கே உண்டு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நம் வானம் தெளிவாக இருப்பதால் வெந்நீர் அதிகம் வேண்டிய மாதங்களில் வெயிலும் கிடைக்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மூடுபனியும் மழையுமாக இருக்கும், அப்போது கீசரோ ஹீட் பம்போ துணைக்கு வேண்டும். அந்த மாதங்களிலும் 14 டிகிரித் தண்ணீர் 22 ஆகி உள்ளே போனால் அது லாபம்தான்.

நீங்கள் கேட்ட மாடிப் பேனல் இதிலிருந்து வேறானது. அதைப் போட்டால் எல்லாம் தீரும் என்று சொன்னவர் உங்கள் விடுதியின் நேரத்தைப் பார்க்கவில்லை. உங்கள் மின்சாரம் போவது காலை ஐந்திலிருந்து ஏழு, மாலை ஆறிலிருந்து பத்து. இரண்டு நேரமும் வெயில் இல்லை. பகலில் உபரியாகி இ.பி. லைனுக்குப் போகும் மின்சாரத்துக்குக் கிடைக்கும் விலை, நீங்கள் இ.பி.யிடம் வாங்கும் விலையைவிடக் குறைவாக இருக்கலாம். உங்கள் டாரிஃப் பிரிவுக்கு எந்தக் கணக்கு முறை என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஹீட் பம்பையும் தண்ணீர் மோட்டாரையும் பகலுக்கு மாற்றிவிட்டீர்கள் என்றால் நிலைமை வேறு. அப்போது 5 கிலோவாட் பேனல் கொடுப்பதை வளாகமே தின்றுவிடும். அதனால் முதலில் லோடைப் பகலுக்கு நகர்த்துங்கள், பேனல் அதற்கு அடுத்த வருடம் வரட்டும். குளிர்ந்த காற்றில் பேனல் நன்றாகவே வேலை செய்யும், வெயில் மட்டும் இருந்தால் போதும்.

இப்போது அறைகள். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் அவர்கள் உடம்பிலிருந்தே ஏறக்குறைய 3 கிலோவாட் சூடு வருகிறது. அது பெரிய ரூம் ஹீட்டர் ஒன்றரை எரிவதற்குச் சமம். இலவசமாக வரும் அந்தச் சூட்டைக் கூரை வழியே விட்டுவிட்டு, ஸ்டாஃப் ரூமில் ஹீட்டர் போடுகிறோம். நம் மலையில் கட்டடம் 7 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாதென்ற விதி இருப்பதால் பள்ளிகள் தாழ்வாகப் பரந்து கிடக்கும், தரைக்கு ஈடாகக் கூரையும் இருக்கும். அந்தக் கூரை வெறும் தகரமாகவோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாகவோ இருந்தால் உள்ளே என்ன மூட்டினாலும் நிற்காது. காலையில் தகரத்தின் அடியில் நீர் முத்து முத்தாகத் தொங்கி நோட்டுப் புத்தகத்தில் சொட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதன் மேல் கண்ணாடிக் கம்பளி (கிளாஸ் வூல்) விரிக்கச் சொல்லுங்கள். கம்பளிக்குக் கீழே, அறைப் பக்கமாக, ஈரம் ஏறாத ஷீட் ஒன்று கட்டாயம். அது இல்லாவிட்டால் பிள்ளைகளின் மூச்சு ஈரம் மேலே போய்க் கம்பளியை நனைத்து, இரண்டு வருடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தெர்மோகோலை வெறுமனே ஒட்டிவிடலாம் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது தீப்பிடிக்கும், பிள்ளைகள் தூங்கும் இடம்.

உங்கள் அலுவலகம் பழைய பங்களாவில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கே கணப்பு இருக்கிறதா? யாரும் மூட்டாத கணப்பின் புகைபோக்கி இரவு பகலாக அறையின் சூட்டை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு பலகையை அளவாக வெட்டி வாயை அடைத்தால் அன்று மாலையே வித்தியாசம் தெரியும். ஜன்னல் சட்டத்தில் விரல் நுழையும் இடைவெளிகளுக்குப் பட்டையும் கதவடியில் பிரஷும் போதும். ஆனால் முழுக்க இறுக்கி மூடிவிடாதீர்கள், 40 பேர் மூச்சு விடும் அறைக்கு மேல் ஜன்னல் ஒன்று திறந்தே இருக்க வேண்டும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால் தெற்குப் பக்க ஜன்னலில் மதியம் முழுக்க வெயில் விழும். பகலில் திரையை விலக்கி வைத்து, நான்கு மணிக்கு இழுத்து மூட ஒரு பிள்ளையிடம் பொறுப்புக் கொடுங்கள். முதல் பீரியடைக் கிழக்குப் பார்த்த அறைகளில் வைக்க முடியுமா என்றும் பாருங்கள்.

கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை மூடிப் படுப்பது மட்டும் எந்த விடுதியிலும் கூடாது. இந்த மலைகளிலும் கொடைக்கானலிலும் அப்படிப் படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. வாட்ச்மேனிடமும் இதைச் சொல்லுங்கள்.

கேஸ் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நம் மலையே பாதிக் காரணம். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. திறந்த அண்டாவில் துவரம்பருப்பு வேகவே வேகாமல் கேஸைக் குடிப்பது அதனால்தான். பெரிய பிரஷர் குக்கர் வாங்குங்கள், பருப்பையும் கொண்டைக்கடலையையும் இரவே ஊறவைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, பனிக்காலத்தில் சிலிண்டரில் கேஸ் 'இறங்காது'. உள்ளே திரவமாக இருப்பது குளிரில் ஆவியாகத் தயங்கும், தீ சிறுத்துவிடும், காலி என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் வெற்று எடை பொறித்திருக்கும். தராசில் வைத்துப் பாருங்கள். 19 கிலோ சிலிண்டரில் 2 கிலோ மிச்சம் இருந்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பணத்தைத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு மூன்று சிலிண்டரை ஒரே குழாயில் இணைத்தால் ஒவ்வொன்றிலிருந்தும் மெதுவாக எடுக்கும், கடைசி வரை இறங்கும். சிலிண்டர் அறை வெயில் படும் பக்கமாக, காற்றோட்டத்தோடு இருக்கட்டும். சிலிண்டரை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவது உயிருக்கு ஆபத்து.

விறகுக்குத் திரும்பலாம் என்று உங்கள் சமையல்காரம்மா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கண்ணெதிரே நிற்கும் ஊரில் அந்த எண்ணம் வருவது இயல்புதான். ஆனால் திறந்த அடுப்பில் உங்கள் 900 லிட்டரைச் சுடவைக்க நாளுக்கு 60 கிலோ காய்ந்த விறகு வேண்டும். மூடிய நல்ல பாய்லரில் 15 கிலோ போதும். ஈர விறகு என்றால் இரண்டு கணக்கும் ஏறிவிடும். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியும் வேண்டும். மழை மாதங்களுக்குத் துணையாக ஒரு பாய்லர் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஜெனரேட்டர் மின்சாரம்தான் உங்களிடம் இருப்பதிலேயே விலை கூடியது. ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட் கிடைக்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது யூனிட் 26, 30 ரூபாய் ஆகிவிடுகிறது. கரண்ட் போன நேரத்தில் பத்து லைட்டுக்காக 25 கே.வி.ஏ. ஜெனரேட்டரை ஓட்டினால் அதைவிடவும் மோசம், பெரிய இன்ஜின் வெறுமனே சுற்றவே டீசல் குடிக்கும். லைட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு இன்வெர்ட்டர் பேட்டரி வைத்துவிட்டு, மோட்டார் போட வேண்டிய நேரத்துக்கு மட்டும் ஜெனரேட்டரை வையுங்கள். தண்ணீர்க் குழாய் ஒழுகுவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒழுகும் ஒவ்வொரு குடமும் கரண்டால் மேலே ஏற்றப்பட்ட தண்ணீர்தான்.

இதையெல்லாம் செய்வதில் உங்களுக்கு உள்ள உண்மையான சிக்கல் எனக்குத் தெரியும். பல வளாகங்களில் பில் கட்டுவது ஒருவர், கூரையைச் சரிசெய்ய வேண்டியது இன்னொருவர். கூரைக்காரருக்கு பில் வருவதில்லை, பில் கட்டுபவர் கூரையைத் தொட முடியாது. அதனால் நிர்வாகத்துக்கு எழுதும்போது 'குளிருகிறது' என்று எழுதாதீர்கள். இந்த அறையில் இத்தனை ஹீட்டர், இத்தனை யூனிட், சீலிங் போட்டால் இவ்வளவு மிஞ்சும் என்று எண்ணாக எழுதுங்கள். அதற்காக ஒரு நோட்டு போட்டு தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மீட்டர் ரீடிங் எழுதச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே செய்வார்கள். ஒரே மாதத்தில் எந்த நேரத்தில் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பைக்காரா மின் நிலையம் 1930களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது. கோவைப் பஞ்சாலைகள் வளர்ந்தது அந்த மின்சாரத்தில்தான். 1960களில் கனடாவின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் வந்தது. இத்தனை அணையும் சுரங்கமும் தாங்கும் மலையில் பிள்ளைகள் பச்சைத் தண்ணீரில் குளிப்பதா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். மின்சாரம் மாநிலத்துக்கே பொது, அதில் மலைக்கென்று தனி விலை கேட்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. ஆனால் மலை விடுதிகளுக்கு வெந்நீரை உணவு போலத் தனிச் செலவாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். உங்கள் மனுவில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள், பக்கத்து விடுதிகளையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

வேலையை எப்போது தொடங்குவது என்றால், குழாய் உறை, டைமர், புகைபோக்கிப் பலகை மூன்றையும் இந்த வாரமே செய்துவிடலாம். சீலிங் வேலையைப் பிப்ரவரிக்குப் பிறகு வையுங்கள். மே விடுமுறை முடிவதற்குள் முடிந்தாக வேண்டும், ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் கூரையைத் திறக்க முடியாது. ஹீட் பம்ப் விலை கேட்கும்போது வெளிக்காற்று 10 டிகிரி இருக்கும்போது எவ்வளவு சூடு கொடுக்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கோயம்புத்தூர் வெயிலில் அளந்த எண்ணைக் காட்டினால் ஏற்காதீர்கள்.